எங்கள் பங்குக்கு விழுந்த மரம்

காலில் முள் குத்தினால் எனக்கு முதலில் வலி தெரியாது. பயம்தான் வரும். இந்த வயதிலும் அப்படித்தான். குனிந்து முள்ளைப் பிடுங்கி, அது எந்த மரத்து முள் என்று பார்ப்பேன். வேலிகாத்தான் முள்ளாக இல்லாவிட்டால் போதும், நடந்துவிடுவேன். அதுவாக இருந்தால் அன்றைக்கு முழுக்க மனசு எதையாவது துழாவிக்கொண்டே இருக்கும். யாருக்கு என்ன குறை வைத்தோம், யாருடையதை எடுத்தோம் என்று. என் மருமகள் இதைப் பார்த்துச் சிரிக்கிறாள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். நாமெல்லாம் பிரசங்கம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். காதில் விழுந்ததை உடம்பில் வைத்துக்கொண்டவர்கள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுதுவதில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதலாமா கூடாதா என்று யோசித்ததிலேயே பாதி நாள் போய்விட்டது.

மந்தைவெளியைத் தாண்டி, அடையாறு கடலில் போய்ச் சேரும் பக்கமாக ஒரு சின்ன வேதக்கோயில் இருந்தது. ஓட்டுக்கூரை. மணிக்கூண்டு கிடையாது. மணியை ஒரு பூவரச மரத்தில்தான் கட்டியிருந்தார்கள். சபையில் எல்லாரும் கூலி வேலைக்காரர்கள். பங்களாக்களில் சமையல் செய்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், ஆயா வேலை பார்க்கிறவர் இப்படி. கோயிலைச் சுற்றி நிறைய நிலம் கிடந்தது. ஆனால் அந்த நிலத்தில் கால் வைக்க முடியாது. எல்லாம் வேலிகாத்தான், சீமைக்கருவேலம் என்பார்களே, அது.

முன்னே இருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர், ஆடு உள்ளே வராமல் இருக்கட்டும் என்று எங்கிருந்தோ வாங்கி வந்து வேலி ஓரமாகக் கைப்பிடி விதை தூவினாராம். மரம் வந்தது. முள்ளும் வந்தது. ஆடும் வந்தது! அதன் காய் ஆட்டுக்கு அவ்வளவு பிடிக்கும். மஞ்சளாக, பழுத்த நெல்லிக்காயும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. வேலிக்கு வெளியே நின்று தின்ற ஆடு, மணி அடிக்கிற நேரத்தில் உள்ளே புகுந்து புழுக்கை போட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு புழுக்கையிலிருந்தும் ஒரு கன்று. அப்படியே கிணற்றடி வரைக்கும் வந்துவிட்டது. கிணற்றடியில் நின்றதுதான் ராட்சச மரம். அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று கையை நீட்டினாலும் விரல் தொடாது.

என் அப்பா ரங்கூனுக்குக் கப்பல் ஏறிப் போனவர். முதலில் தகவல் வந்தது, பிறகு வரவில்லை. அம்மா காஜா எடுத்துப் பிழைத்தாள். சட்டைக்குப் பொத்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நெருக்கமாகத் தையல் போடுவார்களே, அந்த வேலை. ராயப்பேட்டையில் கடை வைத்திருந்த ஒரு சாயபு, வெட்டித் தைத்த சட்டைகளைத் துணி மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் வந்து வாங்கிப்போவார். வெள்ளைத் தாடி. அத்தர் வாசனை. எங்கள் வாசற்படியைத் தாண்டி அவர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. தெருவில் நின்றபடியே பேசுவார். "தங்கச்சி, இருக்கியாம்மா?" என்று அவர் குரல் கொடுத்தால் எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கதவு திறக்கும். ஏன் திறக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் லெந்து, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம், தொடங்கிய முதல் ஞாயிறு, போதகர் ஐயா பிரசங்கத்துக்கு ஒரு முள்கிளையைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்தவர், வயசு கம்மி. பேசும்போது குதிகால் தரையில் நிற்காது.

"பாவம் கதவை உடைச்சிக்கிட்டு வராது, பிள்ளைகளே. 'உனக்கு வேலி காக்குறேன்'னு சொல்லிக்கிட்டு வரும். நீயே விதை போடுவே. நீயே தண்ணி ஊத்துவே. ஒருநாள் திரும்பிப் பார்த்தா வேலி இருக்கும், நிலம் இருக்காது!"

 நான் உட்கார்ந்திருந்த பாய்க்கு அடியில் ஏதோ முளைக்கிற மாதிரி இருந்தது எனக்கு. காலை மடக்கிக்கொண்டேன்.

பிறகு அவர் ஒரு காரியம் சொன்னார். கோயில் நிலத்தை இந்த லெந்து நாட்களில் சபையே சுத்தம் செய்யும். வீட்டுக்கு ஒரு மரம். வெட்டினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். அவரவர் தங்கள் மனசில் இருக்கிற பாவத்தை நினைத்துக்கொண்டு தோண்டட்டும். வேரை எடுத்துவிட்டு ஈஸ்டர் அன்று அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு வரட்டும்.

எந்த வீட்டுக்கு எந்த மரம்? அதற்குச் சீட்டு எழுதி காணிக்கைப் பையில் போட்டார். அவரைப் பொறுத்தவரை வேலையைப் பங்கு போட ஒரு வழி, அவ்வளவுதான். ஆனால் எங்கள் சபை புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்தச் சீட்டு எடுத்துப் பழகிய சபை. உங்களுக்குத் தெரியும். பையில் கைவிட்டு எடுக்கிற சீட்டில் எந்த வசனம் வருகிறதோ அது ஆண்டவரே அந்த வீட்டுக்குச் சொன்ன வார்த்தை. வருஷம் முழுக்கக் கதவில் ஒட்டி வைப்போம். அதே பை, அதே போதகர், அதே மாதிரி மடித்த காகிதம். வேறு எப்படி நினைப்பார்கள்?

அம்மா கைவிட்டு எடுத்தாள். கிணற்றடி மரம்.

பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சபைப் பெரியவரான மூப்பரின் சம்சாரம், அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அந்த அம்மாள் மெதுவாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும்.

"பாத்தியாடி, ஆண்டவர் கண்ணு எவ்ளோ கூருன்னு? புருசன் ரங்கூன்ல, சாயபு வாசல்ல."

அவர்களுக்கு விழுந்தது முழங்கால் உயரக் கன்று. அதை அந்த அம்மாள் அன்றைக்கே மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து அம்மா தோண்டினாள். கோயிலுக்குச் சொந்தமான கடப்பாரை ஒன்று இருந்தது. விடியும்போது போவாள், வெயில் ஏறும் முன் வருவாள். மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு ஒரு வண்டிக்காரர் உதவினார். அவர் தன் பங்கை முடித்தவர், விறகுக்கு ஆசைப்பட்டு வந்தார். கிளைகளை எல்லாம் கோயில் சுவர் ஓரமாக அடுக்கியாயிற்று. அடிமரம்தான் அசையவில்லை. அம்மா மண்ணைப் பறிக்கப் பறிக்க வேர் கீழே கீழே போனது. ஈர மண்ணில் சிவப்பாக, என் தொடை மொத்தத்துக்கு. நான் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பேன். அதற்கு முடிவே இல்லையோ என்று தோன்றும்.

ஈஸ்டரை நினைத்தால் இன்னும் பயம். அம்மா திருவிருந்துக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால், ஊர் சொல்வது உண்மை என்று அவளே ஒத்துக்கொண்ட மாதிரி. அப்படி உட்கார்ந்த ஒருத்தியைப் பிறகு சபையை விட்டே நிறுத்தியது எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள், நெருப்புக்கூட கேட்கமாட்டார்கள். அம்மாவுக்கு அந்தச் சபையை விட்டால் வேறு மனுஷர் யார்? மாதம் ஒருமுறை அந்தக் கிண்ணம் அவள் உதட்டில் படும்போதுதான் அவள் முகத்தில் சுருக்கம் விடும். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

காஜா எடுக்கிற கை கடப்பாரை பிடித்தால் என்ன ஆகும்? உள்ளங்கை கொப்பளித்தது, உடைந்தது. முள் ஏறிய விரல் வீங்கியது. ஊசி பிடிக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் சாயபு ஒரு சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, காஜா எல்லாம் கோணிக்கினு போவுது? வக்கீல் சட்டைம்மா இது. இந்தப் பொத்தானைப் போட்டா மனுசன் கோர்ட்டுல ஒரு பக்கமா சாஞ்சிக்கினுதான் நிக்கணும்."

அம்மா கையை விரித்துக் காட்டினாள். சாயபு "யா அல்லா" என்றார். நான்தான் நடுவில் புகுந்து மரத்தைப் பற்றியும் சீட்டைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"ராயப்பேட்டையில எங்காளுங்களை அடக்கம் பண்ற எடத்துலயும் இதே மரம்தாம்மா. ஒங்க பாவமும் எங்க பாவமும் ஒரே ஜாதி போல கீது."

அம்மா சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு. ஆனால் அன்றைக்கு அவர் நல்ல சட்டைகளைக் கொடுக்காமல் தலையணை உறைகளை மட்டும் வைத்துவிட்டுப் போனார். "கை ஆறட்டும். அப்பால தர்றேன்." போகும்போது தன் சட்டைப் பையிலிருந்து ஒரு அங்குஸ்தானை எடுத்துப் படியில் வைத்தார். விரல் நுனியில் மாட்டிக்கொள்கிற பித்தளைத் தொப்பி, முழுக்கக் குழிகுழியாக. "விரலுக்குக் கொஞ்சம் தாங்கும்" என்றார். அந்த அங்குஸ்தான் எங்கே போயிற்று என்று இப்போதும் சில நாள் பெட்டியைக் கிளறுவேன். கிடைக்காது என்று தெரியும். இருந்தாலும் கிளறுவேன்.

உறை தைப்பதற்குக் கூலி கம்மி. வீட்டில் அரிசி குறைந்தது.

இங்கே பிடியரிசிக் கலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. உலையில் அரிசி போடும் முன், ஒரு பிடியை அள்ளி ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். எங்கள் கலயம் கழுத்துக் குறுகிய மண்சட்டி. மேலே சுண்ணாம்பால் ஒரு சிலுவை. வாயில் பழைய துணி கட்டியிருக்கும். லெந்து நாட்களில் சேர்கிற அரிசியை மட்டும் அப்படியே வைத்திருந்து ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று கோயிலுக்கு எடுத்துப்போவோம். எல்லா வீட்டு அரிசியையும் ஒன்றாகக் கொட்டி, பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனை முடிந்ததும் கஞ்சி காய்ச்சுவார்கள்.

ஒருநாள் அம்மா உப்புத் தண்ணீரில் கையை ஊறவைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். பல நாளாகத் தொண்டையில் நின்றதை நான் கேட்டுவிட்டேன்.

"யம்மா, உன் பாவம் இன்னா?"

"எது?"

"கெணத்தாண்ட கீதே, அது."

அம்மா என்னைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள்.

"சாயபுவா?" என்றேன்.

"எவ சொன்னா உனக்கு?" என்று ஆரம்பித்தவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "அடிப்பாவி, அந்தாளு வூட்ல பேரன் பேத்தின்னு பாதி மெட்ராஸ் கீதுடி!" சிரித்து முடித்ததும் குரல் இறங்கியது. "அது இல்ல கண்ணு. பிடியரிசி."

"இன்னா பிடியரிசி?"

"போன மழைக்கு உனக்கு ஜொரம் வந்துச்சே. வூட்ல ஒரு மணி அரிசி இல்ல. ஆண்டவருக்குன்னு போட்டதை எடுத்து உனக்குக் கஞ்சி வச்சேன். அப்பால இன்னொரு நாளும் எடுத்தேன். அப்பால கை பழகிடுச்சி. சாமான் இல்லாத நாள்ல அந்தக் கலயம் என்னையே பாத்துக்கினு இருக்கும்டி." கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து முந்தானையில் ஒற்றினாள். "அத்தொட்டுதான் அம்மாம் பெரிய மரம். ஆண்டவருக்குத் தெரியாதா? இனிமே நீயே பிடி போடு. என் கையை நானே நம்பல."

அவள் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தக் கஞ்சியைக் குடித்தது யார்? நான். அப்படியென்றால் அந்த வேர் தேடிக்கொண்டு போகிற இடம் என் வயிறுதான். படுத்தால் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். ஏதாவது அசைகிறதா என்று.

கலயம் என் பொறுப்புக்கு வந்தது. ஆனால் உலைக்கு அரிசியே அளந்துதான் விழுந்தது. பாதி நாள் அம்மா, "இன்னிக்கு வேணாம் கண்ணு, நாளைக்குப் போடலாம்" என்பாள். நாளைக்கு வேலிகாத்தான் இன்னும் கீழே போய்விடுமே! அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மா தட்டில் சோறு வைத்ததும், வாயில் எதுவும் வைப்பதற்கு முன்னால், ஒரு பிடியை எடுத்து மடியில் ஒளித்துக்கொள்வேன். குழம்பு ஊற்றியிருந்தால் குழம்போடு. பின்பக்கம் குளிக்கிற தடுப்புக்கு மேலே ஒரு தகரம் போட்டிருந்தது. பங்குனி வெயிலில் அதில் விரல் வைக்க முடியாது. அதில் சோற்றைப் பரப்பி, வடகத்துக்குக் காவல் இருப்பது போலக் காக்கையை விரட்டிக்கொண்டு நிற்பேன். சாயங்காலத்துக்குள் சுக்காகக் காய்ந்துவிடும். நகத்தால் உதிர்த்துப் பார்த்தால் அரிசி மாதிரியே இருக்கும். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. கலயத்தில் போட்டுத் துணியைக் கட்டிவிடுவேன்.

நான் மெலிந்தேன். "வயித்துல பூச்சி கீது இதுக்கு" என்று அம்மா முடிவு செய்தாள். என் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றினாள். பூச்சி விழவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அந்த வருஷத்து லெந்து என்றால் எனக்கு விளக்கெண்ணெய் வாசனைதான்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. அம்மா கலயத்தைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"கண்ணு, எம்மாம் போட்டே நீ?"

"பிடிதான்."

அவள் துணிக்கு அடியில் விரலை விட்டுத் தடவினாள். மணி மணியாக விரலில் பட்டது. கழுத்துவரைக்கும் இருந்தது. அம்மா கூரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பஞ்ச காலத்தில் ஒரு விதவையின் பானையில் மாவு குறையாமலே இருந்த கதையை ஐயா எங்களுக்குச் சொல்லியிருந்தார். அம்மா அதை நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிட வாய் திறந்தேன். அவள் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது, வாய் மூடிக்கொண்டது.

அன்று அவள் கலயத்தைப் பிள்ளையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பாதையில் நொச்சிக்குப்பத்து மீன்காரி ஒருத்தி, "இன்னாக்கா, ஆத்துல பொதையல் எடுத்தியா?" என்று கேட்டாள். அம்மா, "எனக்கு இல்ல, கொடுக்கிறவருக்கு" என்றாள். அம்மா தெருவில் நின்று பதில் சொல்கிறவள் இல்லை.

பீடத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டி விரித்திருந்தார்கள். ஒவ்வொரு கலயமாக வாங்கிக் கொட்டுவது மூப்பர் சம்சாரத்தின் வேலை. எங்களுடையதை வாங்கி, கனம் பார்த்து, புருவத்தைத் தூக்கிவிட்டுக் கவிழ்த்தாள்.

முதலில் சோறு விழுந்தது. காய்ந்து கோணிய, மஞ்சளும் சிவப்புமான பருக்கைகள். ஒன்றில் கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. கடைசியில் அடியிலிருந்து கொஞ்சம் வெள்ளை அரிசி வந்தது.

"அய்ய, இன்னாடி இது? ஆண்டவருக்கு எச்ச சோத்தையா கொண்டாந்தே?"

பின்வரிசை எழுந்து எட்டிப் பார்த்தது. அம்மா வேட்டியைப் பார்த்தாள். அந்த வெளிச்சம் அவள் முகத்திலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். இதற்கு மேல் என்னால் அதை எழுத முடியாது. அவள் அந்தக் கறிவேப்பிலையைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். குச்சி மாதிரி இருந்த என் மணிக்கட்டை. எல்லாம் அவளுக்கு அந்த நேரத்தில் புரிந்துவிட்டது.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, கத்தினேன்.

"எச்ச இல்ல! வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்தது! டெய்லி எடுத்தேன். எங்கம்மா எனக்குக் கஞ்சி வச்ச பிடியெல்லாம் நான் திருப்பி வச்சிட்டேன். ஐயா, எங்க மரத்தைச் சின்னதாக்கிடுங்க!"

போதகர் ஐயா பீடத்தின் படியில் நின்றிருந்தார். கையில் குருத்தோலைச் சிலுவை. குதிகால் தரையில் பதிந்திருந்தது.  மெதுவாக அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கி தரையில் புரண்டது. போதகர் பீடத்துப் படியில் உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"எந்த மரம்மா?" என்றார் என்னிடம்.

"கெணத்தாண்ட. சீட்டுல வந்துச்சே. பாவத்துக்குத் தக்க மரம்."

அவர் சபையைப் பார்த்தார். ஒருத்தர்கூட அப்படி இல்லை என்று சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது மூப்பர் சம்சாரம் குனிந்தாள். காய்ந்த சோற்றை ஒதுக்கித் தள்ளப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையையும் அந்தக் குவியலுக்குள் விட்டு, எங்கள் சோற்றையும் மற்ற வீட்டு அரிசியையும் சேர்த்துக் கிளறினாள். கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழாக. யாரும் பிரித்தெடுக்க முடியாதபடி கிளறிவிட்டு, கூடையில் வாரிப் போட்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் நிறைய. அவர்கள் கலயம் வருஷா வருஷம் எவ்வளவு லேசாக வரும் என்பது இப்போது யோசித்தால் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. நடக்கவும் விடவில்லை. ஒன்பது வயசுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள், காலையில் கலயத்தைத் தூக்கின அதே இடுப்பில். "விளக்கெண்ண ஊத்தினேனே" என்றாள். தெரு திரும்பியதும் மறுபடி, "விளக்கெண்ண ஊத்தினேனே உனக்கு" என்றாள்.

மறுநாள் விடியலில் நாங்கள் கிணற்றடிக்குப் போனபோது மூப்பர் சம்சாரம் ஏற்கெனவே குழிக்குள் இருந்தாள். சேலையை வரிந்து கட்டியிருந்தாள்.

"இன்னாக்கா நீங்க?" என்றாள் அம்மா.

"என்து முடிஞ்சிடுச்சி. வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது? அந்த மண்ணை அள்ளு. சொம்மா நிக்காத."

மன்னிப்பு என்று அந்த அம்மாள் வாயில் அதற்கு மேல் வந்ததில்லை. சாயபு பேச்சை மட்டும் பிறகு அவள் எடுத்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் போதகர் ஐயா வந்தார். அங்கி இல்லை. மடித்துக் கட்டிய வேட்டியும் பனியனும். மண்வெட்டியை ஓங்கி ஓங்கி வெட்டினார். பாதி வெட்டு காற்றில் போனது.

"ஐயா, பிரசங்கம் பண்ற மாதிரி வெட்டாதீங்க" என்றாள் மூப்பர் சம்சாரம். "வேருக்குக் காது கெடையாது."

அவர் சிரித்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "சீட்டு எழுதினது நான்தாம்மா. வேலைக்குத்தான் எழுதினேன். இப்படி வாங்கிக்குவாங்கன்னு யோசிக்கல. யோசிச்சிருக்கணும்."

ஒருத்தராக ஒருத்தர் வந்தார்கள். வண்டிக்காரர் தன் மாட்டைப் பூட்டி வடம் கட்டி இழுத்தார். பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் அடிமரம் அசைந்தது. ஒரு முறிகிற சத்தம், துப்பாக்கி வெடித்த மாதிரி. கட்டை வெளியே வந்து விழுந்தது. எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். நான் மட்டும் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில், ஈரத்தில், முறிந்த வேரின் வெள்ளை வட்டம் தெரிந்தது. மீதி இன்னும் கீழேதான் இருந்தது. அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, வேரு உள்ளதான் கீது. நான் ஈஸ்டருக்கு வரலாமா?"

போதகர் குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தார்.

"வேலி ஓரத்துல ஒண்ணு எனக்கும் இருந்துச்சு. மண்ணுக்கு மேல வெட்டிட்டு, மூடிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது." மண்ணை ஒரு கை அள்ளிக் குழிக்குள் போட்டார். "வாங்கம்மா. வேர் இல்லாதவங்களுக்கு மட்டும்னா அந்தக் கிண்ணத்தை நான் யாருக்குக் கொடுக்க? நானே குடிக்க முடியாதே."

மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சி. அண்டாவுக்கு அடியில் வேலிகாத்தான் விறகு எரிந்தது. ஒன்று சொல்ல வேண்டும், அந்த மரம் எரிகிற மாதிரி வேறு எதுவும் எரியாது. புகை கிடையாது, நின்று எரியும். கஞ்சி லேசாகச் சிவந்திருந்தது. குழம்பு வாசனை அடித்தது. மூப்பர் சம்சாரம் எனக்கு ஊற்றிய கிண்ணத்தை இரண்டாவது முறையும் நிரப்பினாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

ஈஸ்டர் அன்று அம்மா எழுந்து முன்னே போனாள். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள். கிண்ணத்தை அப்படியே வாங்கினாள்.

அம்மாவின் விரல் பழையபடி மடங்கவில்லை. அந்த வருஷத்தோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுக் காஜாவுக்கு உட்கார்ந்தேன். சாயபு என் முதல் காஜாவை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "வக்கீலு நேரா நிப்பாரு" என்றார். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அந்த வருஷம் முதல் மழை பெய்து சில நாளைக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். வாசலில் சபை முழுக்க நின்றுகொண்டிருந்தது, யாரும் உள்ளே போகவில்லை. நிலம் பூராவும் முளை. கிணற்றடிக் குழியில், வேலி ஓரத்தில், கன்று பிடுங்கிய இடத்தில்கூட. மெல்லிசாக, பச்சையாக, முள்கூட இன்னும் பிஞ்சாக. விரலால் தொட்டால் வளைந்தது. எல்லாம் ஒரே உயரம்.

மூப்பர் சம்சாரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எது யார்துன்னு இப்ப சொல்லுங்கடி பாப்போம்."

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு போதகர் ஐயா. மழைத்தண்ணீர் சொட்டுகிற பூவரச மரத்தடியில் நின்று எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, ஆராதனைக்கு முன்னாலேயே குனிந்து, கைக்கு எட்டியதைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். யாருடைய இடம் என்று யாரும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் அம்மா உலை வைத்தாள். ஒரு பிடி அரிசியை அள்ளிக் கலயத்தில் போட்டாள். உலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, என் கண் எதிரிலேயே, கலயத்துக்குள் கைவிட்டுப் போட்ட பிடியை எடுத்து உலையில் போட்டாள்.

நான் எழுந்துவிட்டேன். "யம்மா! அது ஆண்டவர்துதானே?"

"அவரைக் கேட்டுட்டேன்" என்றாள் அம்மா. "நீ குந்து. துன்னுட்டு எழுந்திரு."